பொது சர்வர் வேகம் பெற... செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

"டே தம்பி, ஒரு போல்டரத் திறந்துட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தாக்கூட படம் பூரா வந்து முடியலடா!"

2022 ஆம் ஆண்டு வைகாசி மாதம், கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பெரியம்மா மகன் போனில் இப்படிப் புலம்பினார். முகூர்த்த சீசன். ஸ்டுடியோவில் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கிலும் ஆல்பம் வேலை நடந்துகொண்டிருந்தது. படங்கள் எல்லாம் மூலையில் மானிட்டர் இல்லாமல் நிற்கும் ஐந்தாவது கம்ப்யூட்டரில் இருந்தன. அதுதான் அவர்களுடைய பைல் சர்வர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் 16 ஜிபி ரேமும் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கும் போட்டு, உபுண்டு லினக்ஸ் பதிந்து, அதை சர்வராக மாற்றிக் கொடுத்தவன் நான்தான். எனவே திட்டும் எனக்குத்தான்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் சர்வரைச் சரிசெய்தேன். வேகம் கூடியது. கூடவே ஒரு பெரிய தவறும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் வேகத்தைப் பார்ப்போம்.

பைல் சர்வர் என்றவுடன் இது பெரிய அலுவலகச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, லேப்டாப்பிலும் போனிலும் படம் பார்க்கிறீர்களா? கடையில் விற்கும் இரண்டு டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் ஒரு பைல் சர்வரின் சொந்தக்காரர்தான். நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான். அதன் பைல்களை விண்டோஸுக்குக் காட்டுவது பெரும்பாலும் சம்பா என்ற இலவச சாப்ட்வேர். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கி, 1992-ல் வெளியிட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் உழைக்கிறது.

எங்கே மாட்டிக்கொள்கிறது?

மெதுவாக இருக்கிறது என்றவுடன் செட்டிங்குகளை மாற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். ஒரு கைக்கடிகாரம் போதும், நோய் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். சுமார் 2 ஜிபி அளவுள்ள ஒரே ஒரு வீடியோ பைலை சர்வரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மொத்தமாக அதே 2 ஜிபி வரும்படி ஆயிரக்கணக்கான சிறிய பைல்கள் கொண்ட ஒரு போல்டரைக் காப்பி செய்து பாருங்கள்.

பெரிய பைலே மெதுவாக வந்தால் முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் பிரிவில் ஈதர்நெட் என்பதைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அதில் 1000 என்று இருந்தால் நலம். வினாடிக்குச் சுமார் 110 எம்பி வரை கிடைக்கும். 100 என்று இருந்தால் 11 எம்பிதான். கிகாபிட் வேகத்திற்குக் கேபிளின் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 வேகத்திற்கு நான்கு போதும். ஆகவே மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் இணைப்பு அறுபடாது. சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்திற்கு இறங்கிவிடும். ஸ்டுடியோவில் ஒரு கம்ப்யூட்டரின் கேபிளை நாற்காலிச் சக்கரம் நசுக்கியிருந்தது. கேபிளை மாற்றியதும் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் தேறியது.

ஆனால் எங்களுடைய உண்மையான நோய் இரண்டாவது சோதனையில் தெரிந்தது. பெரிய பைல் பறந்து வந்தது. சிறிய பைல்கள் நத்தையாக ஊர்ந்தன.

ஏன்? ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. நமக்கு வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல். அதற்கு முன் முனை சரியான தடத்திற்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் 8 மில்லி வினாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தாவ 12 மில்லி வினாடி. வினாடிக்குச் சுமார் 80 தாவல்கள்தான் முடியும்.

வரிசையாகப் படித்தால் அதே டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி வரை தரும். ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் 4 கேபி மட்டும் படித்தால் வினாடிக்கு 320 கேபிதான் தேறும். நெட்வொர்க்கும் பிராசசரும் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. அந்த முனை ஓடி வர வேண்டும்.

இதில் "பொது" சர்வர் என்பதால் இன்னொரு சிக்கல். ஒருவர் மட்டும் படிக்கும்போது வரிசையாகப் போகும் முனை, நான்கு பேர் நான்கு போல்டர்களைக் கேட்டால் நான்கு இடங்களுக்கும் மாறி மாறி ஓடும். ஒற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் திறந்த போல்டர், நால்வரும் வேலை செய்யும்போது நான்கு நிமிடத்திற்கு மேல் எடுத்தது. டீக்கடைக் கதை மிகையில்லை!

யார் இத்தனை முறை ஓடச் சொல்கிறார்கள்?

அந்த போல்டரில் 4,200 படங்கள் இருந்தன. அண்ணன் திறந்தது ஒரு போல்டரை. ஆனால் அவருடைய விண்டோஸ், படம் எடுத்த நேரப்படி வரிசைப்படுத்த, 4,200 பைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியும் படங்களுக்குச் சிறு உருவமும் தயாரித்தது. 4,200 பைல்களை 12 மில்லி வினாடியால் பெருக்கிப் பாருங்கள், 50 வினாடி. ஒரு பைலுக்கு ஒரே தாவல் என்று வைத்துக்கொண்டாலே இந்தக் கணக்கு.

இதற்கு சர்வரில் கை வைக்கவே வேண்டாம். அந்த போல்டரை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். கஸ்டமைஸ் டேபில், பிக்சர்ஸ் என்று இருப்பதை ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றி ஓகே கிளிக் செய்யுங்கள். போல்டரைத் திறந்து வியூ மெனுவில் டீட்டெய்ல்ஸ் தேர்ந்தெடுத்து, பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். படம் தேர்வு செய்யும் நேரத்தில் மட்டும் பெரிய உருவங்களை வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்தவுடன் நான்கு நிமிடம் 15 வினாடிக்கு வந்தது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் லினக்ஸ் வித்தைகள் எல்லாம் சேர்ந்தும் இந்த அளவு பலன் தரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போல்டரைப் பிரிப்பது அடுத்த வேலை. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. இடையில் நிற்கும் சம்பாவுக்குத் திண்டாட்டம். புதிய பைல் ஒன்றை நீங்கள் சேமிக்கும்போது, அதே பெயர் வேறு எழுத்து வடிவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று அந்த போல்டர் முழுவதையும் அது தேடிப் பார்க்க வேண்டும். சில நூறு பைல்கள் என்றால் தெரியாது. பல்லாயிரம் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு சேமிப்பும் இழுக்கும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, சம்பாவிடம் எழுத்து வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லும் செட்டிங் உண்டு. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆண்டு, மாதம், நிகழ்ச்சி என்று போல்டருக்குள் போல்டராகப் பிரித்தாலே போதும்.

படித்தால் எழுதுமாம்!

இனி சர்வரின் உள்ளே போவோம். ஒரு நூலகத்தில், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் சும்மா புரட்டிப் பார்த்தாலே நூலகர் பதிவேட்டைத் திறந்து நேரத்தைக் குறித்தால் எப்படி இருக்கும்? பழைய லினக்ஸ் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு பைலுக்கும் "கடைசியாகப் படித்த நேரம்" என்று ஒன்று உண்டு. அதற்கு ஏடைம் என்று பெயர். பைலைப் படித்தால் போதும், டிஸ்க்கில் இந்த நேரம் எழுதப்படும். பலர் படிக்கும் பொது சர்வரில் இது எவ்வளவு வீண் வேலை!

2007-ல் லினக்ஸை உருவாக்குபவர்களிடையே இது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. லினக்ஸின் வேகத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான் என்று இங்கோ மோல்னார் வாதிட்டார். 2009-ல் வந்த 2.6.30 கெர்னலில் இருந்து, ரெலேடைம் என்ற நடுவழி தானாகவே அமலுக்கு வந்தது. பைல் மாற்றப்பட்ட பிறகு முதல் முறை படிக்கும்போதும், அதன் பின் 24 மணி நேரத்திற்கு ஒருமுறையும் மட்டும் நேரம் எழுதப்படும். விண்டோஸ், 2007-ல் வந்த விஸ்டாவிலேயே இந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-ன் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் டிஸ்க்கின் அளவைப் பார்த்து அதுவே முடிவு செய்கிறது. எனவே விண்டோஸ்காரர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

லினக்ஸில் முழுவதுமாக நிறுத்த விரும்பினால், இடிசி போல்டரில் எஃப்எஸ்டேப் என்ற பைலைத் திறந்து, உங்கள் டேட்டா டிஸ்க்கிற்குரிய வரியில் நோஏடைம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேருங்கள். மாற்றுவதற்கு முன் அந்த பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள். தப்பாக எழுதினால் சர்வர் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். போட்டோ, பாட்டு, வீடியோ வைத்திருக்கும் டிஸ்க்கிற்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் இன்றைய லினக்ஸில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். 2007-ல் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு நானும் ஆவலோடு செய்தேன். கடிகாரத்தில் ஒரு வினாடிகூட வித்தியாசம் தெரியவில்லை.

பழைய குறிப்புகளில் இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது: சம்பாவின் செட்டிங்கில் சாக்கெட் ஆப்ஷன்ஸ் என்று ஒரு வரி சேர்த்து, பஃபர் அளவாக 8192 என்று எழுதச் சொல்வார்கள். இதைச் செய்யாதீர்கள். இப்போதைய லினக்ஸ் அந்த அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் கையைக் கட்டியதாகிவிடும்.

பயனுள்ள சிறிய மாற்றம் ஒன்று. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பைல் சிஸ்டம், டிஸ்க்கில் 5 சதவீத இடத்தை நிர்வாகியின் அவசரத்திற்கென ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் இது 200 ஜிபி! படங்கள் மட்டும் உள்ள டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் ஒரு சதவீதமாகக் குறைக்கலாம். அதற்காக டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். இடம் நெருக்கடியானால் பைல்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டு, முனையின் ஓட்டம் மறுபடி கூடும்.

கையில் காசு இருந்தால் எல்லாவற்றையும் விட நல்ல வழி எஸ்எஸ்டி. அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. அண்ணன் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினார். நடப்பு ஆல்பங்கள் அதில், முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில் என்று பிரித்தோம். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நான் செய்த தவறு

நீங்கள் சர்வருக்கு ஒரு பைலை அனுப்பும்போது, அது உடனே டிஸ்க்கிற்குப் போவதில்லை. முதலில் ரேமில் உட்கார்கிறது. அண்ணாச்சி கடையில் கூட்டம் இருக்கும்போது ஒவ்வொரு கடனையும் பேரேட்டில் எழுதாமல் துண்டுச் சீட்டில் குறித்து வைத்து, ஓய்ந்த பிறகு மொத்தமாக எழுதுவார் அல்லவா, அதே முறைதான். ரேமில் இருப்பதைச் சுமார் 30 வினாடிக்குள் டிஸ்க்கில் எழுதத் தொடங்க வேண்டும் என்பது லினக்ஸின் வழக்கமான ஏற்பாடு. ரேமில் ஓரளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அதற்கு முன்பே எழுதத் தொடங்கும்.

நான் அந்த 30 வினாடியை 10 நிமிடமாக மாற்றினேன். ரேமில் பாதிக்கு மேல் நிரம்பும்வரை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். 16 ஜிபி ரேம் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். மெமரி கார்டிலிருந்து படங்களை ஏற்றும்போது சர்வர் சளைக்காமல் வாங்கிக்கொண்டது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இன்ஜினியர்னா இன்ஜினியர்தான்" என்று முறுக்கும் அல்வாவும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை முகூர்த்தப் படங்கள் 612-ஐ ஸ்டுடியோ பையன் சர்வரில் ஏற்றினான். காப்பி முடிந்தது என்று விண்டோஸ் காட்டியது. மாலை வரவேற்புக்குக் கார்டு வேண்டும் என்பதால் கேமராவில் போட்டு பார்மட் செய்துவிட்டான். காப்பி முடிந்த நான்காவது நிமிடம் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

கரண்ட் வந்து சர்வர் மறுபடி ஓடியது. போல்டர் இருந்தது. பெயர்கள் இருந்தன. ஆனால் நானூற்றுச் சொச்சம் பைல்களின் அளவு 0 கேபி.

இது ஏதோ விநோதம் அல்ல. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உபுண்டு 9.04-ன் சோதனைப் பதிப்பில் ஈஎக்ஸ்டி4-ஐப் பயன்படுத்தியவர்கள் இதே புகாரைச் சொன்னார்கள்: கம்ப்யூட்டர் திடீரென நின்று மறுபடி ஓடினால் பைல்கள் வெறுமையாகிவிடுகின்றன என்று. ஈஎக்ஸ்டி4-ன் முக்கிய உருவாக்குநரான தியோடர் சோ காரணத்தை விளக்கினார். வேகத்திற்காக ஈஎக்ஸ்டி4, பைலின் பெயரை முதலில் பதிந்துவிட்டு, உள்ளே உள்ள விஷயத்திற்கு இடம் ஒதுக்குவதைத் தள்ளிப் போடுகிறது. இடையில் கரண்ட் போனால் பெயர் மட்டும் மிஞ்சும். பழைய பைலின் மேல் புதியதை எழுதும்போது இப்படி ஆகாமலிருக்க 2.6.30 கெர்னலில் வழி செய்தார்கள். புத்தம் புதிதாக ஏற்றும் பைல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு மாற்றமும் செய்யாத சர்வரில் கடைசி அரை நிமிடத்துப் படங்கள் மட்டும் போயிருக்கும். அரை நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கி வைத்தது நான்.

கார்டை வெளியே எடுத்து, அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்க வேண்டாம் என்று போனிலேயே சொன்னேன். அதற்குள் வரவேற்பு மண்டபத்தில் நாற்பது ஐம்பது படங்கள் எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாகக் கேமராவில் செய்யும் சாதாரண பார்மட், பட்டியலைத்தான் பெரும்பாலும் அழிக்கும், படங்களை அல்ல. போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை வைத்து இரவு முழுக்கத் தேடியதில் பெரும்பாலான படங்கள் திரும்பின. மேலே எழுதப்பட்ட இடத்தில் இருந்தவை போனது போனதுதான். அதில் பெண்ணின் பாட்டி அட்சதை போடும் படமும் ஒன்று. அண்ணன் என்னைத் திட்டவில்லை. அந்த வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இதே ஆபத்து விண்டோஸிலும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து பாலிசீஸ் டேப் சென்றால் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் ரைட் கேஷ். அது டிக் செய்யப்பட்டிருக்கலாம். இரண்டாவது கட்டம், கேஷில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும்படி விண்டோஸ் அவ்வப்போது இடும் உத்தரவை நிறுத்துவது. வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் அதை டிக் செய்யாதீர்கள். லினக்ஸில் இதற்கு இணையானது நோபேரியர் என்ற சொல். அதை எஃப்எஸ்டேப் பைலில் எழுதச் சொல்லும் குறிப்புகளையும் நம்பாதீர்கள். இதில் கடைசியாக ஏற்றிய படங்கள் மட்டுமல்ல, பைல் சிஸ்டத்தின் கட்டமைப்பே சிதையலாம்.

இப்போது ஸ்டுடியோவில் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிளும் போகிறது. நட் என்ற இலவச சாப்ட்வேர், பேட்டரி இறங்கும்போது சர்வரை ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிடும். படங்களை ஏற்றி முடித்ததும் சர்வரில் சிங்க் என்ற கட்டளையைப் பையன் கொடுக்கிறான். ரேமில் உள்ளதெல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்ட பிறகே அது முடியும். பிறகு இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி. அதுவரை கார்டு அண்ணனின் சட்டைப் பையில்.

உங்கள் லினக்ஸ் சர்வரை நண்பர் யாராவது "வேகப்படுத்தி"க் கொடுத்திருந்தால் ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். ப்ராக் போல்டரில் சிஸ், அதனுள் விஎம், அதில் டர்ட்டி எக்ஸ்பயர் சென்டிசெக்ஸ் என்று ஒரு பைல் இருக்கும். அதில் உள்ள எண் வினாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. வழக்கமாக 3000 இருக்கும். நான் எழுதி வைத்திருந்தது 60000.